கொடுக்காத வாக்கு: நோக்கியாவும் மீகோவும்

2011 ஜூன் 21 அன்று சிங்கப்பூரில் நோக்கியா ஒரு போனை அறிமுகப்படுத்தியது. பெயர் என்9. முன்பக்கத்தில் ஒரு பொத்தான்கூடக் கிடையாது. ஒரே பாலிகார்பனேட் கட்டியைக் குடைந்து செய்த உடல், அதன்மேல் லேசாக வளைந்த 3.9 அங்குலக் கண்ணாடி. ஏதாவது ஒரு செயலியில் இருக்கும்போது திரையின் ஓரத்திலிருந்து விரலை உள்ளே இழுத்தால் போதும், செயலி விலகி முகப்பு வந்துவிடும். அணைந்திருக்கும் திரையை இரண்டு முறை தட்டினால் விழித்துக்கொள்ளும். இன்று நம் கையில் இருக்கும் போன்களில் இதெல்லாம் சாதாரணம். அன்று ஐபோனுக்கு வட்டப் பொத்தான் இருந்தது. ஆண்ட்ராய்டு போன்களின் அடியில் மூன்று, நான்கு பொத்தான்கள் வரிசையாக இருந்தன. ஆப்பிள் அந்த வட்டப் பொத்தானை எடுத்துவிட்டு விரல் இழுப்புக்கு மாறியது 2017-இல், ஐபோன் எக்ஸ் வந்தபோதுதான்.

என்9-க்குள் ஓடியது மீகோ. லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு நோக்கியா 6 ஆண்டுகளுக்கும் மேலாக வளர்த்தெடுத்த சொந்த இயங்குதளம். ஆனால் போன் மேடையேறிய அன்றைக்கே அதன் முடிவு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனுக்கு மாறப்போவதாக 4 மாதங்களுக்கு முன்பே நோக்கியா அறிவித்துவிட்டது. போதாக்குறைக்கு, அறிமுகத்துக்குப் பின் பின்லாந்தின் முன்னணி நாளேடான ஹெல்சிங்கின் சனோமத்திடம் பேசிய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீபன் எலாப், என்9 வெற்றி பெற்றாலும் மீகோவுக்குத் திரும்பப் போவதில்லை என்று தெளிவாகவே சொன்னார். அந்தப் போனைப் பாராட்டி எழுதிய விமர்சகர்களும், எதிர்காலம் இல்லாத தளத்தில் ஓடுகிறது என்பதைச் சேர்த்தே எழுத வேண்டியதாயிற்று.

ஒரு நிறுவனம் தன் மிகச் சிறந்த படைப்பைக் கையில் ஏந்திக் காட்டிவிட்டு, அதே மூச்சில் 'இதை நம்பாதீர்கள்' என்று ஏன் சொல்கிறது?

இந்தக் கேள்விக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பதில் எளிமையானது. மைக்ரோசாஃப்டிலிருந்து வந்த எலாப், மைக்ரோசாஃப்டுக்காக நோக்கியாவைக் கவிழ்த்தார் என்பது. இந்தக் கதைக்குப் பின்லாந்திலும் வெளியிலும் இன்றும் ஆதரவாளர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எலாப் எடுத்த முடிவும் அதை அறிவித்த விதமும் பெரும் சேதம் செய்தன என்பது உண்மை. ஆனால் மீகோவுக்கு நோக்கியா ஒருநாளும் முழுமனதோடு வாக்குக் கொடுத்ததில்லை. எலாப் வருவதற்கு 5 ஆண்டுகள் முன்பிருந்தே அந்த வாக்கு பாதி வாக்காகத்தான் இருந்தது. அவர் செய்தது, பாதியாக இருந்ததைப் பூஜ்யமாக்கியது.

சிம் போடாத கருவி

2005 மே மாதம் நோக்கியா 770 என்ற கருவி அறிவிக்கப்பட்டது. 4.1 அங்குலத் தொடுதிரை, 800-க்கு 480 புள்ளிகள் என்ற அந்தக் காலத்துக்கு அபாரமான துல்லியம், வைஃபை, முழுமையான இணைய உலாவி. அதில் ஓடிய மென்பொருளுக்குப் பெயர் மேமோ. டெபியன் லினக்ஸிலிருந்து எடுத்துக் கட்டியது. மூல நிரலின் பெரும்பகுதி எவரும் பார்க்கவும் திருத்தவும் கூடியதாக வெளியே இருந்தது. ஐபோன் அறிவிக்கப்பட இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது. முதல் ஆண்ட்ராய்டு போன் கடைக்கு வர 3 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. உலகத்தின் மிகப் பெரிய கைபேசி நிறுவனத்திடம், தொடுதிரையில் இணையத்தை முழுதாகக் காட்டும் லினக்ஸ் கருவி இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதில் பேச முடியாது. சிம் அட்டை போட இடமே இல்லை.

கைபேசி செய்வதையே பிழைப்பாகக் கொண்ட நிறுவனம், தன் புதிய கருவியில் கைபேசியை விட்டுவிட்டதற்கு உள்வீட்டு அரசியல்தான் காரணம் என்று அங்கே வேலை செய்தவர்கள் பின்னாளில் பேசியிருக்கிறார்கள். நோக்கியாவின் ஸ்மார்ட்போன்கள் எல்லாம் சிம்பியன் என்ற இயங்குதளத்தில் ஓடின. வருமானம் அங்கிருந்து வந்தது, அதிகாரமும் அங்கேதான். ஆரி யாக்சி தலைமையில் இருந்த சிறிய லினக்ஸ் அணி அந்தக் கோட்டைக்குள் விருந்தாளியாக இருக்கலாம், வாரிசாக முடியாது.

மேமோவின் 5 கட்டப் பயணம் என்று ஒரு திட்டம் பேசப்பட்டது. 770 முதல் கட்டம். 2007-இல் வந்த என்800, அதே ஆண்டின் இறுதியில் வந்த விசைப்பலகையுடைய என்810 ஆகியவை அடுத்தவை. 2009 இறுதியில் வந்த என்900 நான்காம் கட்டம், ஐந்தாவதுதான் பொதுமக்களுக்கானது. அதாவது என்900 விற்பனைக்கு வந்தபோதே நோக்கியாவின் ஆட்கள், 'இது இன்னும் எல்லோருக்குமான போன் அல்ல' என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். நேர்மையான பேச்சுதான். ஆனால் அதற்குள் ஐபோன் மூன்றாம் தலைமுறையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

என்900-இல்தான் முதல்முறையாக சிம் இடம் பிடித்தது. 600 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்பி ராம், 32 ஜிபி சேமிப்பு, இழுத்தால் வெளிவரும் விசைப்பலகை. கணினியில் இருப்பதுபோல ஒரே நேரத்தில் பல செயலிகள் உயிரோடு ஓடும். அவற்றைச் சிறுபடங்களாகத் திரையில் பார்த்துத் தாவலாம். கட்டளைச் சாளரம் வெளியில் எங்கும் தேடாமலே உள்ளேயே இருந்தது. நிரல் எழுதுபவர்களுக்கு அது திறந்த வீடு. அதே போனில் எம்எம்எஸ் அனுப்பும் வசதி பெட்டியிலிருந்து எடுக்கும்போது இல்லை. திரையைச் செங்குத்தாகப் பிடித்தால் அநேக செயலிகள் திரும்பாது. எம்எம்எஸ் குறையைத் தீர்த்தது பயனர்களே எழுதிய செயலி.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நான் முக்கியமாகக் கருதுவது இதைத்தான். 770 வாங்கியவர்களுக்கு என்800-இல் வந்த மேமோ பதிப்பு முறையாக வரவில்லை. ஆர்வலர்களுக்கான அரைகுறைப் பதிப்புதான் கிடைத்தது. என்800, என்810 வாங்கியவர்களுக்கு மேமோ 5 இல்லை என்றானது. என்900 வாங்கியவர்களுக்கு, அடுத்து வரும் மீகோ அதிகாரப்பூர்வமாக வராது என்று 2010-இல் சொல்லப்பட்டது. ஒவ்வொரு படியிலும் முந்தைய படியில் நின்றவர்கள் கைவிடப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் தொழில்நுட்பக் காரணம் இருந்தது, அந்தக் காரணம் பொய்யும் அல்ல. ஆனால் ஒரு சோதனைத் தளத்தை முதலில் வாங்குபவர்கள் சாதாரண வாடிக்கையாளர்கள் அல்லர். குறைகளைத் தாங்களே திருத்துகிறவர்கள், செயலி எழுதுகிறவர்கள், பக்கத்திலிருப்பவரிடம் பெருமையாகக் காட்டுகிறவர்கள். அவர்களை மூன்று தடவை கைவிட்ட பிறகு நான்காம் தடவை யார் வருவார்கள்?

கூட்டாளிகளும் மறு எழுத்தும்

2008-இல் நோக்கியா, நார்வேயின் ட்ரால்டெக் நிறுவனத்தைச் சுமார் 15 கோடி டாலருக்கு வாங்கியது. ட்ரால்டெக்கின் சொத்து க்யூட்டி என்ற மென்பொருள் கட்டமைப்பு. ஒருமுறை எழுதிய நிரலைப் பல தளங்களில் ஓடவைக்க உதவும் கருவி அது. யோசனை அருமையானது: டெவலப்பர்கள் க்யூட்டியில் எழுதட்டும், அதே செயலி கோடிக்கணக்கான சிம்பியன் போன்களிலும் ஓடும், நாளைய மீகோவிலும் ஓடும். பழைய வீட்டிலிருந்து புதிய வீட்டுக்குப் போட்ட பாலம்.

இந்தப் பாலத்துக்கு ஒரு விலை இருந்தது. அதுவரை மேமோவின் முகம் வேறொரு கட்டமைப்பில் கட்டப்பட்டிருந்தது. அதை இடித்து க்யூட்டியில் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று. ஹார்மட்டான் என்ற குறியீட்டுப் பெயரில் தயாராகிக்கொண்டிருந்த அடுத்த பதிப்பின் முகம் ஒருமுறைக்கு மேல் மாற்றி எழுதப்பட்டது. ஆண்ட்ராய்டு மாதத்துக்கு மாதம் முன்னேறிய காலத்தில் இந்த மறு எழுத்து மாதங்களை விழுங்கியது.

அடுத்து இன்டெல் வந்தது. 2010 பிப்ரவரியில் பார்சிலோனா மொபைல் மாநாட்டில், நோக்கியாவின் மேமோவும் இன்டெலின் மொப்ளினும் இணைந்து மீகோ ஆகும் என்று இரு நிறுவனங்களும் அறிவித்தன. மேமோ டெபியன் வழி வந்தது. மொப்ளின் ஃபெடோரா வழியைச் சார்ந்தது. மென்பொருளைப் பொதிகட்டும் முறையே வேறு. நோக்கியாவின் போன்கள் ஓடியது ஏஆர்எம் சிப்பில். இன்டெலுக்குத் தன் ஆட்டம் சிப்பைப் போனுக்குள் நுழைக்க வேண்டும். போன் சந்தையில் இன்டெலுக்கு அப்போது பெரிய இடம் இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சினை மாற்றிய கதைதான். கடைசியில் என்9-இல் வந்தது பெயரளவில் மீகோ. உள்ளே பெரும்பாலும் மேமோவின் ஆறாம் பதிப்பு.

இந்த ஏற்பாட்டை அறிவித்து 7 மாதங்களில் தலைமையே மாறியது. 2010 செப்டம்பரில் ஒல்லி-பெக்கா கல்லஸ்வூவோ விலக, கனடாவைச் சேர்ந்த எலாப் பொறுப்பேற்றார். நோக்கியாவின் தலைமைக்கு வந்த பின்லாந்துக்காரர் அல்லாத முதல் மனிதர். அடுத்த மாதமே ஆரி யாக்சி நோக்கியாவை விட்டு எச்பி நிறுவனத்தின் வெப்ஓஎஸ் பிரிவுக்குப் போனார். எச்பி 120 கோடி டாலர் கொடுத்து பாம் நிறுவனத்தை வாங்கிப் பெற்ற இயங்குதளம் வெப்ஓஎஸ். அதில் ஓடிய டச்பேட் கருவியை 2011 ஜூலையில் விற்பனைக்குக் கொண்டுவந்து, ஏழே வாரங்களில் எச்பி கைவிட்டது. ஒரே ஆண்டில் இரண்டு பெரிய நிறுவனங்கள், நல்ல இயங்குதளங்கள் இரண்டு, ஒரே முடிவு.

பிப்ரவரி 11

எலாப் தரப்பு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அவரும் நோக்கியாவின் மூத்த அதிகாரிகளும் மீகோவின் நிலையை ஆராய்ந்து பார்த்தார்கள். அப்போதைய வேகத்தில் போனால் 2014-க்குள் மூன்று மீகோ போன்கள்தான் வெளிவரும் என்று தெரிந்தது. சாம்சங் அந்த எண்ணிக்கையை ஒரு பருவத்திலேயே தாண்டிவிடும். 2011 பிப்ரவரி தொடக்கத்தில் ஊழியர்களுக்கு எலாப் எழுதிய கடிதம் வெளியே கசிந்தது. வடகடலில் தீப்பிடித்த எண்ணெய் மேடையின் விளிம்பில் நிற்பவனோடு நோக்கியாவை அதில் ஒப்பிட்டிருந்தார். நோயைக் கணித்ததில் அவர் பெரிதாகத் தவறவில்லை.

பிப்ரவரி 11 அன்று லண்டனில் மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மரோடு மேடையேறி, இனி விண்டோஸ் போன்தான் நோக்கியாவின் முதன்மைத் தளம் என்று அறிவித்தார். மீகோ எதிர்காலத்தை ஆராயும் பரிசோதனையாகத் தொடரும் என்றார்கள். அன்றைக்கே நோக்கியா பங்கு சுமார் 14 சதவீதம் சரிந்தது. தம்பேரே நகரில் பெருந்திரளான ஊழியர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியேறினார்கள்.

அந்த முடிவைவிட, அது அறிவிக்கப்பட்ட நேரம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. விண்டோஸில் ஓடும் நோக்கியாவின் முதல் போனான லூமியா 800 அறிவிக்கப்பட்டதே அக்டோபர் கடைசியில்தான். இடையில் 8 மாதங்கள். அந்த 8 மாதங்களும் நோக்கியா விற்க வேண்டியிருந்தது, தானே முடிவு கட்டிவிட்ட சிம்பியன் போன்களை. 2010-இன் கடைசிக் காலாண்டில் 2.83 கோடி ஸ்மார்ட்போன் விற்ற நிறுவனம், 2011-இன் இரண்டாம் காலாண்டில் 1.67 கோடிதான் விற்றது. ஆறே மாதத்தில் ஐந்து பங்கில் இரண்டு பங்குக்கு மேல் கைநழுவியது.

டெவலப்பர்களுக்கு நடந்தது இன்னும் கொடுமை. 2010 அக்டோபரில் நோக்கியா அவர்களிடம் சொன்னது: இனி எல்லாம் க்யூட்டிதான், அதைக் கற்றுக்கொள்ளுங்கள், சிம்பியனுக்கும் மீகோவுக்கும் அதுவே வழி. நாலு மாதம் கழித்து, விண்டோஸ் போனில் க்யூட்டி கிடையாது என்று சொன்னது. அந்த நாலு மாதத்தில் க்யூட்டி புத்தகத்தை வாங்கிப் படித்தவர், செயலி எழுதத் தொடங்கியவர், அதற்காக ஆள் எடுத்த சிறு நிறுவனம் எல்லாம் உலகெங்கும் இருந்தார்கள், நம் ஊர்களிலும் இருந்தார்கள். புதிய இயங்குதளத்தின் உண்மையான முதலீட்டாளர்கள் அவர்கள்தான். பங்குச் சந்தையில் அவர்கள் பெயர் வராது. அவர்கள் போட்டது பணம் அல்ல, இரவுகள்.

என்9 செப்டம்பர் கடைசியில் கடைக்கு வந்தது. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய பெரிய சந்தைகளில் நோக்கியா அதை முறைப்படி விற்கவில்லை. எத்தனை விற்றது என்று தனியாக எண்ணிக்கையும் வெளியிடவில்லை. அடுத்த மாதம் ஏறக்குறைய அதே பாலிகார்பனேட் உடலில் விண்டோஸைப் போட்டு லூமியா 800 என்று அறிவித்தது. என்9-க்கான கடைசிப் பெரிய அப்டேட் 2012 ஜூலையில் வந்தது. கடைக்கு வந்து 10 மாதம். 2014 ஜனவரி முதல் நோக்கியாவின் செயலிக் கடையில் மீகோவுக்குப் புதிய செயலியோ திருத்தமோ ஏற்றும் வழியும் அடைக்கப்பட்டது.

விண்டோஸுக்கு மாறிய பிறகாவது வாக்கு காப்பாற்றப்பட்டதா? 2012 ஏப்ரலில் அமெரிக்காவில் பெரும் விளம்பரத்தோடு லூமியா 900 வந்தது. ஜூனில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் போன் 8 பழைய கருவிகளில் ஓடாது என்று அறிவித்தது. இரண்டு மாதப் போன் பழைய போனாகிவிட்டது.

ஸ்ரீபெரும்புதூர் வரை

2013 செப்டம்பரில் நோக்கியாவின் கைபேசிப் பிரிவை 544 கோடி யூரோவுக்கு வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அந்தப் பேரத்தில் சேராமல் நின்றது நம் ஸ்ரீபெரும்புதூர் ஆலை. 2006-இல் தொடங்கிய ஆலை. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர் கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்துபோன இளம் பெண்கள் அவர்களில் பெரும்பங்கு. இந்திய வரித் துறையோடு இருந்த வழக்கால் ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டிருந்ததால் அது மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறவில்லை. பின்னர் மைக்ரோசாஃப்ட் கொள்முதலையும் நிறுத்தியது. 2014 நவம்பர் 1-இல் ஆலை மூடப்பட்டது.

அங்கே தயாரானவை பெரும்பாலும் சாதாரண போன்கள். மீகோ நிலைத்திருந்தால் ஆலை பிழைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். வரி வழக்கு தனிக் கதை. ஆனால் நோக்கியாவின் தலைமையகம் இருந்த எஸ்போவிலும் லண்டனிலும் இயங்குதளத்தைப் பற்றி எடுத்த முடிவின் அலை, நிரல் ஒன்றுகூட எழுதியிராத ஒரு பெண்ணின் மாதச் சம்பளம் வரை வந்து சேர்ந்தது என்பதை மறக்கக்கூடாது. 2015 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் இந்த வாங்கலில் 760 கோடி டாலரை இழப்பாக எழுதித் தள்ளியது. 7,800 வேலைகளை நீக்கியது. வாங்கிய விலையைவிட எழுதித் தள்ளியது அதிகம்.

சிறியவர்கள் காத்த வாக்கு

மீகோவை நோக்கியா விட்ட இடத்திலிருந்து எடுத்தவர்கள் அதன் முன்னாள் ஊழியர்களே. 2011-இல் பின்லாந்தில் யொல்லா என்ற சிறு நிறுவனம் தொடங்கப்பட்டது. மீகோவின் திறந்த பகுதிகளை மெர் என்ற தன்னார்வத் திட்டம் உயிரோடு வைத்திருந்தது. அதன் மேல் செயில்ஃபிஷ் என்ற இயங்குதளத்தைக் கட்டினார்கள். புதிய இயங்குதளம் எழுதுபவர்களைக் கழுத்தைப் பிடித்து நிறுத்துவது, சிப்பை இயக்கும் ‘ஓட்டி’ (டிரைவர்) மென்பொருள். சிப் தயாரிப்பாளர்கள் ஆண்ட்ராய்டுக்கு மட்டுமே அந்த மென்பொருளைக் கொடுப்பார்கள். அது இல்லாமல் கேமராவோ திரையோ வேலை செய்யாது. மெர் திட்டத்தை நடத்திய கார்ஸ்டன் முங்க், ஆண்ட்ராய்டுக்கான ஓட்டிகளைச் சாதாரண லினக்ஸில் ஓடவைக்கும் லிப்ஹைப்ரிஸ் என்ற இணைப்பை எழுதினார். செயில்ஃபிஷுக்கு மட்டுமல்லாமல் உபுண்டு டச் போன்ற மற்ற சோதனைத் தளங்களுக்கும் அதுவே உயிர்க்கயிறு.

2013 நவம்பரில் யொல்லாவின் முதல் போன் 399 யூரோவுக்கு விற்பனைக்கு வந்தது. அதன்பின் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2014 இறுதியில் பொதுமக்களிடம் பணம் திரட்டி ஒரு டேப்லெட் செய்யப் போனார்கள். அடுத்த ஆண்டு முதலீடு தள்ளிப்போய், ஊழியர்களில் பெரும்பகுதியை அனுப்ப நேர்ந்தது. பணம் கொடுத்தவர்களில் மிகச் சிலருக்கே டேப்லெட் கிடைத்தது. அது யொல்லாவின் பெயரில் நிற்கும் கறை, அதை மறைத்துப் பாராட்ட முடியாது. இந்தியாவில் இன்டெக்ஸ் நிறுவனம் 2016-இல் அக்வா ஃபிஷ் என்ற பெயரில் 5,499 ரூபாய்க்கு ஒரு செயில்ஃபிஷ் போனைக் கொண்டுவந்தது. அது பெரிதாகப் பரவவில்லை. யொல்லாவுக்கு ரஷ்ய முதலீடு வந்து, பிறகு உக்ரைன் போரால் அதுவே பாரமாகி, 2023-இல் கடன் சீரமைப்புக்குப் போய், பழைய நிர்வாகத்தினரே புதிய நிறுவனத்தின் பெயரில் தொழிலை வாங்கித் தொடர்ந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில், 2013-இல் விற்ற அந்த முதல் போனுக்கு அவர்கள் 2020 வரை அப்டேட் கொடுத்தார்கள். 7 ஆண்டுகள். உலகின் மிகப் பெரிய கைபேசி நிறுவனம் என்9-க்குக் கொடுத்தது 10 மாதம். சம்பளம் கொடுக்கத் திணறிய ஒரு சின்ன நிறுவனம் கொடுத்தது 7 ஆண்டு. இதைப் படித்தபிறகு, 'சோதனைத் தளத்தை நீண்ட காலம் தாங்கப் பணம் வேண்டும்' என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

சாம்சங்கிடம் பணத்துக்குக் குறைவில்லை. மீகோவிலிருந்து விலகிய இன்டெல் 2011 செப்டம்பரில் சாம்சங்கோடு சேர்ந்து டைசன் இயங்குதளத்தைத் தொடங்கியது. சாம்சங் இசட் என்ற போன் 2014 ஜூனில் அறிவிக்கப்பட்டு, ரஷ்யாவில் வெளியாகும் தருவாயில் நிறுத்தப்பட்டது. 2015 ஜனவரியில் டெல்லியில் 5,700 ரூபாய்க்கு இசட்1 வந்தது. பிறகு இசட்3, இசட்2, இசட்4 என்று 2017 வரை. எல்லாமே மலிவு விலைப் போன்கள். தன் கேலக்ஸி எஸ் வரிசையில் ஒன்றைக்கூட டைசனுக்கு சாம்சங் கொடுக்கவில்லை. தன் சிறந்த போனைத் தானே தர மறுக்கும் தளத்துக்கு வெளியார் ஏன் செயலி எழுத வேண்டும்? 2021 முடிவில் போனுக்கான டைசன் கடை மூடப்பட்டது. அதே டைசன் தொலைக்காட்சியில் செழித்தது, காரணம் அங்கே சாம்சங் அரைமனதாக இருக்கவில்லை. 2015 முதல் அதன் ஸ்மார்ட் டிவிகள் டைசனில்தான் ஓடுகின்றன. உங்கள் வீட்டுக் கூடத்தில் சாம்சங் டிவி இருந்தால் அதில் மீகோவின் தூரத்து உறவு ஒன்று ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.

வாக்கு என்பது நல்லெண்ணத்தால் மட்டுமல்ல, வேறு வழி இல்லாததாலும் உறுதிப்படும். 2019 மே மாதம் அமெரிக்கத் தடைப் பட்டியலில் சேர்ந்த ஹுவாவேக்குப் புதிய போன்களில் கூகுள் சேவைகள் கிடைக்காமல் போயின. அந்த ஆகஸ்டிலேயே ஹார்மனிஓஎஸ்ஸை அறிவித்தது. முதலில் வந்த பதிப்புகளில் ஆண்ட்ராய்டின் பகுதிகள் இருந்தன. 2024 அக்டோபரில் வெளியான பதிப்பில் அவையும் நீக்கப்பட்டன. திரும்பிப் போகப் பாலம் இல்லாதபோது ஒரு நிறுவனம் 5 ஆண்டு விடாமல் உழைக்கிறது. நோக்கியாவுக்குப் பாலங்கள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றாக ஓடி ஓடிக் காலத்தைத் தொலைத்தது.

மீகோ முழுவதும் வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்டெலும் நோக்கியாவும் சேர்ந்து தொடங்கிய ஓஃபோனோ என்ற தொலைபேசி மென்பொருள் இன்றும் செயில்ஃபிஷிலும் உபுண்டு டச்சிலும் அழைப்புகளை இணைக்கிறது. 2012-இல் நோக்கியா விற்றுவிட்ட க்யூட்டி இன்று கார்களின் திரைகளிலும் தொழிற்சாலை இயந்திரங்களிலும் ஓடுகிறது. என்900-க்கு மேமோ லெஸ்தே என்ற பெயரில் தன்னார்வலர்கள் இயங்குதளம் எழுதுகிறார்கள். நிரல் திறந்திருந்ததால்தான் இது முடிந்தது. பூட்டியிருந்த பகுதிகள் நோக்கியாவோடு போய்விட்டன.

நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 2023 ஜனவரியில் சென்னை ஐஐடி வளாகத்தில் வளர்ந்த நிறுவனம் ஒன்று பார்ஓஎஸ் என்ற இயங்குதளத்தை அறிமுகப்படுத்தியது. ஆண்ட்ராய்டின் திறந்த நிரலின்மேல் கட்டிய தளம் அது. அதன் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பாராட்டும் விமர்சனமும் நிறைய வந்தன. என் கவலை வேறு. இப்படியான தளம் எதுவானாலும், அதைத் தாங்கப்போகும் போன் தயாரிப்பாளர் யார், எத்தனை ஆண்டுகள் தாங்குவார், எந்த விலையில் உள்ள போனில் தருவார் என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும். அது வராத வரை நம் பிள்ளைகள் அதற்காக ஓர் இரவைக்கூடச் செலவிட வேண்டியதில்லை.

அந்த எழுத்து நிறுவனங்களின் தயவில் வர வேண்டியதும் இல்லை. நோக்கியா பிறந்த பின்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு அதன் இயங்குதள அப்டேட்கள் கிடைக்க வேண்டும் என்கிறது அந்த விதி. உலகின் மிகப் பெரிய கைபேசிச் சந்தைகளில் ஒன்றான இந்தியாவில் அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் நாட்டின் மற்ற ஊர்களிலும் கோடிக்கணக்கில் போன்களைச் செய்து ஏற்றுமதி செய்யும் நாடு, தன் மக்களுக்கு விற்கும் போனுக்கும் அதே 5 ஆண்டைக் கட்டாயமாக்க வேண்டும். மத்திய அரசு அந்த விதியைக் கொண்டுவரட்டும். அதுவரை, கடையில் போன் வாங்கும்போது ராம் எவ்வளவு, கேமரா எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், 'எந்த ஆண்டு வரை அப்டேட் வரும்?' என்று கேளுங்கள். பதிலைப் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.